பயிற்சியாளருக்குப் பின்னால் ஒளியும் கூட்டமைப்பு

2027 ஆசியக் கோப்பைக் கால்பந்துக்கான இறுதித் தகுதிச் சுற்றில் இந்தியாவுக்கு அமைந்த பிரிவைப் பார்த்து யாரும் மிரண்டிருக்க மாட்டார்கள். சிங்கப்பூர், ஹாங்காங், வங்கதேசம், அவ்வளவுதான். ஸ்பெயின்காரரான மனோலோ மார்க்கேஸின் பொறுப்பில் இந்தியா இந்தச் சுற்றைத் தொடங்கியது. 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் கோல் இல்லாத டிரா, ஜூனில் ஹாங்காங்கிடம் ஒரு கோலில் தோல்வி. ஜூலையில் மார்க்கேஸ் விடைபெற்றார், ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். ஆண்கள் தேசிய அணிக்கு 13 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியர் ஒருவர் பயிற்சியாளராகிறார் என்று நியாயமான மகிழ்ச்சி எழுந்தது. அக்டோபர் 14 அன்று கோவாவின் மட்காவில் முதல் கோலை அடித்திருந்தும் சிங்கப்பூரிடம் 2-1 என்று இந்தியா தோற்றது. ஆசியக் கோப்பைக் கனவு அங்கேயே கலைந்தது. அடுத்த மாதம் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோல்வி. யாரும் திட்டமிடாமலே ஒரு சோதனை கச்சிதமாக நடந்து முடிந்துவிட்டது. அதே பிரிவு, ஏறக்குறைய அதே வீரர்கள், முதலில் அயல்நாட்டவர், பிறகு உள்நாட்டவர். விளைவில் மாற்றமில்லை.

ஆகவே பயிற்சியாளர் எந்த நாட்டவராக இருந்தால் என்ன என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதே இந்தியாவில், ஹாக்கியில், வெளிநாட்டுப் பயிற்சியாளர்களால் வித்தியாசம் ஏற்பட்டிருக்கிறது. டோக்கியோவிலும் பாரிஸிலும் கிடைத்த இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்களும் வெளிநாட்டவர் பொறுப்பில் இருந்தபோது வந்தவை. இரண்டு விளையாட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. வீரர்கள் தொடர்ந்து உருவாகிவரும் விளையாட்டில், உச்சத்துக்கான ஆட்ட அறிவு மட்டும் பற்றாமல் இருந்தால், அந்த அறிவை வெளியிலிருந்து விலைக்கு வாங்குவது சரியான முடிவு. வீரர்களே உருவாகாத விளையாட்டில் அதே முடிவு ஏமாற்று. அங்கே வெளிநாட்டுப் பயிற்சியாளர், கூட்டமைப்பின் தோல்வியை மறைக்கும் திரையாகிவிடுகிறார்.

முதலில் கால்பந்து. ஷில்லாங் ஆட்டத்துக்காக மார்க்கேஸ் செய்த முதல் வேலை, ஒன்பது மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்றுவிட்ட சுனில் சேத்ரியைத் திரும்ப அழைத்ததுதான். அப்போது சேத்ரிக்கு வயது 40. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டில் கோல் அடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. காரணம் ஊரறிந்தது. ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீகின் கிளப்புகள் முன்களத்தின் மையத்தில் நிறுத்துவதற்குப் பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்களையே வாங்குகின்றன. இந்திய இளைஞர் அந்த இடத்தில் ஆடிப் பழகாமலே தேசிய அணிக்கு வருகிறார். முகாமில் பத்து நாளோ பதினைந்து நாளோ கிடைக்கும் தேசியப் பயிற்சியாளர், அவர் பார்சிலோனாவிலிருந்து வந்தாலும் மும்பையிலிருந்து வந்தாலும், அங்கே வைத்து ஒரு கோல் வேட்டைக்காரரை உருவாக்க முடியாது. போதாக்குறைக்கு, லீகின் வணிக உரிமை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் ஏற்பட்ட இழுபறியால் 2025 ஜூலையில் ஐஎஸ்எல் போட்டியே நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த சீசன் எப்போது என்று தெரியாத வீரர்களை வைத்துக்கொண்டுதான் ஜமீல் களமிறங்கினார். வந்த ஒரு மாதத்தில் மத்திய ஆசிய நாடுகளுக்கான கோப்பையில் ஓமனை ஷூட்-அவுட்டில் வென்று மூன்றாம் இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர். அவரைக் குறை சொல்வதில் எந்த நியாயமும் இல்லை.

இதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைப் புரட்டினாலும் இதே கதைதான். பாப் ஹாட்டன் வந்தார், இரண்டு முறை நேரு கோப்பையை வென்றார், 27 ஆண்டுகளுக்குப் பிறகு 2011-ல் அணியை ஆசியக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். அவர் போனதும் சரிவு. ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் இரண்டாம் முறை பொறுப்பேற்றபோது 170-க்கும் கீழான இடத்தில் இருந்த அணியை நூறுக்குள் கொண்டுவந்தார். அவர் போன பிறகும் சரிவு. குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச் ஐந்து ஆண்டுகள் இருந்து, 2024 ஜூனில் நீக்கப்பட்டு, வழக்கு மிரட்டலுக்குப் பின் சுமார் 4 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் முடித்துக்கொண்டார். ஒவ்வொருவரும் கொஞ்சம் ஏற்றினார்கள், ஒவ்வொருவருடனும் அந்த ஏற்றமும் விமானம் ஏறிவிட்டது. அவர்களுடைய முகாம்களில் உடன் நின்று கற்றுக்கொண்டு, அவர்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் அமர வைக்கப்பட்ட இந்தியர் யார் என்று கேட்டால் பதில் சொல்லச் சிரமப்பட வேண்டியிருக்கும்.

ஹாக்கியின் கதை வேறு, சற்று நீளமானதும்கூட. எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற நாட்டுக்கு அயல்நாட்டான் வந்து ஹாக்கி சொல்லித்தர வேண்டுமா என்ற கேள்வியில் உள்ள வலி உண்மையானது. ஆனால் அந்த எட்டில் ஏழு, புல்தரையில் வென்றவை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் வந்தபோது இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980-ல் மாஸ்கோவில் வென்ற தங்கம், பல முன்னணி நாடுகள் புறக்கணித்த போட்டியில் கிடைத்தது. அதன் மதிப்பைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தங்கத்தைக் காட்டியே ஒரு தலைமுறை நிர்வாகிகள் தூங்கிவிட்டார்கள் என்பதால் சொல்கிறேன். அதற்குள் விளையாட்டே வேறொன்றாகிவிட்டது. செயற்கைத் தளம் வேகத்தைக் கூட்டியது. ஆஃப்சைடு விதி போனது. வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றானது. டிராக் ஃபிளிக் வந்த பின் பெனால்டி கார்னர் தனிக் கலையாகிவிட்டது. உடல்தகுதியைக் கருவிகளால் அளப்பது, எதிரணியின் கார்னர் உத்திகளைக் காணொளியில் பிரித்துப் படிப்பது எல்லாம் நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் அன்றாட வேலையாகிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் இங்கே பேச்சே தொடங்கியது. 2008 மார்ச்சில் சிலியின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 2-0 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதல் முறையாக ஒலிம்பிக்குக்கே போக முடியாமல் நின்றது இந்தியா. அன்றைக்கு அணியை நடத்தியவர் ஓர் இந்தியர்தான். அவர் மோசமானவர் என்று பொருளில்லை. அவருக்குக் கற்கக் கிடைக்காத ஒன்று ஐரோப்பாவில் பாடமாகிவிட்டிருந்தது.

ஆனால் வெளிநாட்டவரைக் கூப்பிட்டதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இந்திய ஆண்கள் அணியின் முதல் வெளிநாட்டுப் பயிற்சியாளரான ஜெர்மனியின் கெர்ஹார்ட் ராக், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கும்போது நியமிக்கப்பட்டார். பரீட்சைக்கு முதல் நாள் ட்யூஷன் வைப்பதைப் போன்ற வேலை அது. முடிவு, ஏழாம் இடம். 2009-ல் ஸ்பெயினின் ஹோசே பிராசா வந்ததிலிருந்து 2019 தொடக்கம் வரையிலான பத்தாண்டுகளில் பிராசா, நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைனே, ஹரேந்திர சிங் என்று ஏழு பேரைக் கண்டது அந்த நாற்காலி. மைக்கேல் நாப்ஸின் கீழ் 2012 லண்டனில் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றுப் பன்னிரண்டாவது, அதாவது கடைசி இடம். டெர்ரி வால்ஷ் 2014 இஞ்சியோனில், 16 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் வெளியேறினார். பால் வான் ஆஸ் ஏழு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரே கூட்டமைப்பு, ஒரே வீரர் கூட்டம், வந்தவர்கள் எல்லோரும் ஹாக்கி உலகத்தின் பெரிய பெயர்கள். இருந்தும் கடைசி இடமும் தங்கமும் இரண்டே ஆண்டு இடைவெளியில் மாறி மாறி வந்தன என்றால் ஆளை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது.

பிறகு என்ன மாறியது? ஓல்ட்மன்ஸ் 2013-லேயே உயர்செயல்திறன் இயக்குநராக வந்து 2017 வரை ஏதாவதொரு பொறுப்பில் தொடர்ந்தார். ஹாக்கி இந்தியா லீகில் இந்திய இளைஞர்கள் உலக நட்சத்திரங்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து வியூகம் பேசினார்கள். 2018-ல் ஒடிசா அரசு தேசிய அணிகளின் புரவலரானது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2016 டிசம்பரில் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்று ஜூனியர் உலகக் கோப்பையைக் கொண்டுவந்தது ஓர் இளம் அணி. அதை வளர்த்தவர் ஹரேந்திர சிங். அந்த இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த இருவரில் ஒருவரான சிம்ரன்ஜீத் சிங்தான், 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். 3-1 என்று பின்தங்கியிருந்த இந்தியா 5-4 என்று வென்றது. ஆட்டம் முடிய ஆறே நொடி இருக்கையில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். நாற்பத்தோரு ஆண்டுக் காத்திருப்பு தீர்ந்தது. அன்று அணியின் பயிற்சியாளர் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் ரீட். நாற்றங்கால் உள்நாட்டவருடையது, கதிர் முற்றியது வெளிநாட்டவர் கையில். இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தராசு தூக்குவதைவிட, இரண்டில் எது இல்லாவிட்டாலும் அந்தப் பதக்கம் வந்திருக்காது என்பதைக் கவனிப்பது பயனுள்ளது.

வெளிநாட்டவர் கொண்டுவந்தது என்ன என்பதை ஓர் ஆட்டத்தில் கண்கூடாகப் பார்க்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-ஆவது நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பின்களத்தின் தூண் அவர். எதிரணிக்கு பெனால்டி கார்னர் கிடைத்தால் முதல் ஆளாகப் பாய்ந்து போகிறவர். மீதி நாற்பது நிமிடங்களுக்கு மேல் பத்துப் பேர். பழைய இந்திய அணி என்றால் பதறிப்போய்ப் பந்தைத் துரத்தியிருக்கும். இந்த அணி தன் வட்டத்தைச் சுற்றிச் சுருங்கி, இடைவெளிகளை அடைத்து, ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் நிரப்பி, 1-1 என்ற நிலையை இறுதிவரை காத்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றது. தென்னாப்பிரிக்கரான கிரெய்க் ஃபுல்டன் பொறுப்பேற்றது முதல் வலியுறுத்திவந்த பாடம் அது: முதலில் கோல் விடாமல் ஆடக் கற்றுக்கொள், மற்றது பிறகு. அயர்லாந்து அணியை ஒலிம்பிக்குக்குக் கொண்டுபோய், பின்னர் டோக்கியோவில் தங்கம் வென்ற பெல்ஜியத்தில் துணைப் பயிற்சியாளராக வேலை பார்த்தவர் அவர். அந்த அனுபவத்தைத்தான் இந்தியா விலைக்கு வாங்கியது. தாக்கி ஆடுவதே இந்திய மரபு என்று பெருமை பேசி வளர்ந்த நம் பயிற்சி முறையில் இந்தப் பாடம் தானாக முளைத்திருக்க வாய்ப்பில்லை.

இனி மறுப்புகள். உலகக் கோப்பைக் கால்பந்தை வெளிநாட்டுப் பயிற்சியாளர் எவரும் வென்றதில்லையே என்பது அடிக்கடி எடுத்து வைக்கப்படும் ஆதாரம். உண்மைதான். 1930 முதல் 2022 வரை நடந்த 22 போட்டிகளிலும் வென்ற அணியின் பயிற்சியாளர் அந்தந்த நாட்டவரே. ஆனால் அந்த 22 கோப்பைகளையும் பங்கிட்டுக்கொண்டவை எட்டே நாடுகள். கால்பந்து அறிவு வழிந்தோடும் அந்த நாடுகளுக்கு வெளியாள் அவசியப்படவில்லை. வலிமையான நாடுகள் வெளியாளை நாடுவதில்லை என்பதைத்தான் இந்தப் புள்ளிவிவரம் காட்டுகிறது. நாடுவதால் வலிமை குன்றும் என்று அது சொல்லவில்லை. வலிமை குறைந்த நாடுகளின் பட்டியலைப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. 2004-ல் கிரேக்கத்தை ஐரோப்பியச் சாம்பியனாக்கியவர் ஜெர்மானியர் ஓட்டோ ரேகாகல். 2002-ல் தென்கொரியாவை அரையிறுதிக்குக் கொண்டுபோனவர் டச்சுக்காரர் குஸ் ஹிடிங்க். ஐந்து முறை உலகக் கோப்பை வென்ற பிரேசிலே 2025-ல் இத்தாலியின் ஆன்செலோட்டியை அழைத்துக்கொண்ட பிறகு மானப் பிரச்சினையை எழுப்புகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

வீரர்களின் நாடி உள்ளூர்க்காரருக்குத்தானே தெரியும், மொழி தெரியாதவர் என்ன செய்வார் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. இந்திய ஹாக்கி முகாமில் பஞ்சாபியும், ஒடிசாவின் சுந்தர்கர் பழங்குடி இளைஞரும், மணிப்பூர்க்காரரும், மலையாளியும் ஒன்றாக இருக்கிறார்கள். எந்த இந்தியப் பயிற்சியாளரும் அவர்களில் பாதிப் பேருக்கு வெளியாள்தான். வெளிநாட்டவருக்கு இதில் ஒரு சாதகமும் உண்டு. மாநிலம், துறை அணி, பழைய குரு என்ற கணக்குகள் எதுவும் அவருக்கு இல்லை. இந்தியத் தேர்வுக் குழுக்களைக் கவனித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். அதே சமயம், நாடி பிடிக்கத் தெரியாத வெளிநாட்டவரால் என்ன ஆகும் என்பதையும் கிரிக்கெட்டில் பார்த்தோம். கிரெக் சாப்பல் காலத்தில் அணி இரண்டாகப் பிளந்து, 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. நான்கு ஆண்டு கழித்து, குரலை உயர்த்தாத கேரி கிர்ஸ்டன் அதே கோப்பையை வெல்ல உதவினார். இருவருமே வெளிநாட்டவர்தான். சுபாவம் வேறு.

பண விஷயத்தில் மறுப்பாளர்கள் பக்கம் நியாயம் அதிகம். இந்தியாவில் பல விளையாட்டுகளுக்கு வெளிநாட்டுப் பயிற்சியாளர் சம்பளம் அரசுப் பணத்திலிருந்து போகிறது. உச்ச நிலை வீரர்களுக்குப் பயிற்சி தரும் இந்தியர்களுக்கோ 2020 வரை மாதம் 2 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. வெளிநாட்டவருக்குக் காகிதத்திலாவது நான்கு ஆண்டு அவகாசமும், உள்நாட்டவருக்கு ஒரு தொடரும் என்பது எழுதப்படாத விதி. ஹரேந்திர சிங் 2018-ல் ஆண்கள் அணிக்குப் பொறுப்பேற்று, உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்திடம் 2-1 என்று தோற்றதும், எட்டே மாதத்தில் நீக்கப்பட்டார். பிறகு அமெரிக்கா அவரைத் தன் ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. நம் ஊரில் தகுதி போதாதென்று அனுப்பப்பட்டவர், வேறோர் ஊரில் வெளிநாட்டுப் பயிற்சியாளர்! எனவே என் ஆதரவு நிபந்தனைக்கு உட்பட்டது. பொதுப் பணத்தில் வாங்கும் அறிவு, வாங்கிய நாட்டில் தங்க வேண்டும்.

தங்க வைப்பது எப்படி என்பதற்கு ஜப்பானைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை முன்னிட்டு 1960-ல் ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமரை ஜப்பான் அழைத்தது. அவர் அணியை மட்டும் தயார் செய்துவிட்டுப் போகவில்லை. நாட்டுக்கு ஒரு லீக் வேண்டும், பயிற்சியாளர்களுக்கே பயிற்சி வேண்டும் என்று வற்புறுத்தினார். 1965-ல் ஜப்பான் கால்பந்து லீக் தொடங்கியது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றபோது அணியின் பயிற்சியாளர் கென் நகனுமா, ஜப்பானியர். 1992-ல் மறுபடியும் ஹான்ஸ் ஊஃப்ட் தொடங்கிப் பல வெளிநாட்டவரை அழைத்து, தொழில்முறை லீகைக் கட்டி, கடைசியில் 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வீழ்த்தியபோது பொறுப்பில் இருந்தவர் ஹஜிமே மொரியாசு. ஊஃப்டின் அணியில் ஆடியவர் அவர். ஆப்பிரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. சொந்த மண்ணில் ஆப்பிரிக்கக் கோப்பையை நடத்திய ஐவரி கோஸ்ட், நடுப்போட்டியில் பிரெஞ்சுப் பயிற்சியாளர் கஸேயை நீக்கியபோது, அவருடைய துணைப் பயிற்சியாளராக இருந்த எமர்ஸ் ஃபயேயிடம் அணியை ஒப்படைத்துக் கோப்பையையும் வென்றது. பக்கத்தில் ஆள் தயாராக இருந்தார் என்பதுதான் அதில் விஷயம்.

இந்தியக் கிரிக்கெட் இதை ஏறக்குறைய தற்செயலாகவே செய்து முடித்தது. 2000-இல் ஜான் ரைட்டோடு தொடங்கி 2015-ல் டங்கன் ஃபிளெட்சரோடு முடிந்த காலத்துக்குப் பிறகு தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு வெளிநாட்டவர் வரவில்லை. ரைட் காலத்தில் ஆடிய திராவிட், ஜூனியர் அணி, ஏ அணி, தேசிய அகாடமி என்று படிப்படியாக ஏறி வந்து 2024-ல் பயிற்சியாளராக டி20 உலகக் கோப்பையை வென்றார். 2025-ல் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றபோது பயிற்சியாளராக இருந்த அமோல் மஜும்தார் இந்தியாவுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், மும்பையின் உள்நாட்டுக் கிரிக்கெட்டில் விளைந்தவர். கிரிக்கெட் வாரியத்தின் பணத்தை எல்லாக் கூட்டமைப்புகளிடமும் எதிர்பார்க்க முடியாது. ஏணியை எதிர்பார்க்கலாம்.

ஹாக்கிக்கு அந்த ஏணி இப்போது வாய்த்திருக்கிறது. 2025 டிசம்பர் 10 அன்று எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில், ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 2-0 என்று பின்தங்கிய இந்திய இளைஞர்கள் கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் அடித்து வென்றார்கள். அவர்களின் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ், பிராசா முதல் ஃபுல்டன் வரை அத்தனை பேரின் முகாம்களையும் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று பார்த்தவர். ஃபுல்டனுக்குப் பின் யார் என்ற கேள்வி வரும்போது ஹாக்கி இந்தியா வழக்கம்போல ஐரோப்பாவுக்கு விளம்பரம் அனுப்புமா, இல்லை இவரையோ இவரைப் போன்ற இன்னொருவரையோ அதற்குள் மூத்த அணியில் துணையாக அமர்த்தி வைத்திருக்குமா? அப்படி அமர்த்தினால், முதல் காலிறுதித் தோல்விக்கே வீட்டுக்கு அனுப்பாமல், ஒரு வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் நான்கு ஆண்டுகளை அவருக்கும் ஒப்பந்தத்தில் எழுதித் தருமா? கால்பந்துக் கூட்டமைப்பிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில் இப்போதைக்கு அர்த்தமில்லை. அவர்கள் முதலில் லீகை ஒழுங்காக நடத்திக் காட்டட்டும்.